நாற்பத்தொரு ‘பார்க்கலாம்’

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்காருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் அவள் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷமாகியும் அவளுடைய நாற்காலியை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று துப்புரவுக்கார அம்மா சொல்வாள். எல்லாரும் அவளைப் பம்பரம் என்றே கூப்பிட்டார்கள்.

அங்கே தமிழ் தெரியாத டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வர முடியுமா என்று அவர் இங்கிலீஷில் கேட்டால், நோயாளிகளும் விட்டுக்கொடுக்காமல் ‘பார்க்கலாம்’ என்பதை இங்கிலீஷாக்கி, “வீ வில் சீ, டாக்டர்” என்பார்கள். மனுஷர் அதை நம்பி நேரம் ஒதுக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை முழுவதும் கையுறையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொழுது போகாமல் ஒருநாள் தன் பல்லையே பிடுங்கிக்கொண்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

வரமாட்டேன் என்றவர்களுக்கு ஏன் நேரம் கொடுத்தீர்கள் என்று பம்பரம் கேட்டாள். அப்படி எப்போது சொன்னார்கள் என்று அவர் விழித்தார். அந்த விழிப்புதான் அவளை முப்பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்துக்கு விரட்டியது. ஆங்கில மொழியிலும் பயன்பாட்டு மொழியியலிலும் முதுகலை, பகுதி நேரம். தமிழர்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் எப்படி ‘முடியாது’ என்கிறார்கள் என்பதே ஆய்வு. கையெழுத்து வாங்கிக்கொண்டு நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்தாள். இருமலையும் மௌனத்தையும்கூட விடாமல் எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் மறுப்பு என்றோ ஒப்புதல் என்றோ குறித்தாள்.

ஒருத்தி குறித்தால் செல்லாது. இன்னொருவர் தனியே குறித்து, இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். வீட்டிலேயே நாத்தனார் இருந்தாள், பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர். அங்கேதான் வந்தது வினை. தமிழிலும் இங்கிலீஷிலுமாக நாற்பத்தொரு ‘பார்க்கலாம்’. அத்தனையும் மறுப்பு என்றாள் பம்பரம். அத்தனையும் ஒப்புதல் என்றாள் நாத்தனார்.

“உங்க அண்ணன்கிட்ட ஃபேனைத் துடைக்கச் சொன்னேன். பார்க்கலாம்னார். மேல பாரு.”

நாத்தனார் மேலே பார்த்தாள். “அது அண்ணனோட லட்சணம். மொழி என்ன பண்ணும் அண்ணி?”

ஆய்வேட்டைக் கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. தவறினால் பல்கலைக்கழகப் பதிவு ரத்து. நாலு வருஷப் படிப்பும் போச்சு. மூன்று வாரம் அவகாசம் கேட்டு வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “பார்க்கலாம்மா” என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“சிரிச்சுக்கிட்டே சொன்னாரா?” என்றாள் நாத்தனார்.

“சிரிக்கல.”

“பாஆஆர்க்கலாம்னு இழுத்தாரா?”

“இழுக்கல. கண்ணாடியைத் துடைச்சார்.”

“அப்புறமென்ன? உங்களை நல்லாப் பார்க்கத்தான் துடைச்சிருக்கார்.”

“நீ குறிச்ச அழகுலதான்டி நான் இப்படி அலையறேன்.”

அடுத்த நாலு நாளும் நின்றுகொண்டே சாப்பிட்டாள், ஏறக்குறைய நின்றுகொண்டே தூங்கினாள். ஊரார் மனசையெல்லாம் கட்டம் போட்டுக் குறித்தவளுக்கு அந்த ஒரு மனசு பிடிபடவில்லை. பொறுக்க முடியாமல் நேரே போய்க் கேட்டாள்.

“சார், அன்னைக்கு நீங்க சொன்னது மறுப்பா, ஒப்புதலா?”

“ரெண்டும் இல்லம்மா. நான் இன்னும் முடிவே பண்ணல. அதான் பார்க்கலாம்னேன்.”

பம்பரம் திறந்த வாயை மூடவில்லை. “அப்போ மூணாவதா ஒரு வகை இருக்கு சார்! முடிவு பண்ணாதது!”

“அட, ஆமா. எத்தனை இடத்துல மாத்தணும்?”

“நாற்பத்தொண்ணு.”

“அவ்வளவுதானா? அஞ்சு நாள் இருக்கே, தாராளமாப் போதும். அவகாசம் எதுக்கு?”

கண்டுபிடித்துச் சொன்ன வாயை நொந்துகொண்டே படியிறங்கினாள். மூன்றாவது வகை எது, எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பக்கம் எழுதினாள். அதை வைத்துக்கொண்டு அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் கேட்டார்கள். முப்பத்தாறு ஒத்துப்போயின. ஐந்தில் இருவரும் இறங்கி வரவில்லை.

“அந்த அஞ்சையும் தூக்கிடுங்க அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

ஐந்தையும் இருவரும் குறித்தவற்றோடு பின்னிணைப்பில் போட்டாள். கடைசி நாள், பல்கலைக்கழக அலுவலகம் மூடக் கால் மணி இருக்கும்போது ஏட்டை நீட்டினாள். குமாஸ்தா முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். வாசல் வரை போனவள் விடுவிடுவென்று திரும்பினாள்.

“சார், அதை ஒரு நிமிஷம் குடுங்க. இருபத்திமூணாவது ‘பார்க்கலாம்’ மறுப்புதான்னு இப்பத் தோணுது.”

குமாஸ்தா ஏட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.