வயர் அறுந்த டெலிபோன்

அன்று என் வாயால் பேசியது யார்? எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. பி.எட். வரை படித்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தெரியவில்லை.

அப்போது நான் ஏழாவது, அக்கா பத்தாவது. நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தோம். எருமப்பட்டியில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டை லாரி தவறினாலும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் தூக்குப்போசியில் சாப்பாட்டோடு வந்து விடுதி வாசலில் ஜமுக்காளம் விரிப்பது தவறாது. புதன்கிழமை சாயங்காலம் போன். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

ஒரு புதன்கிழமை பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கேனுங்கம்மா" என்றாள் சுவரிடம். தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும் சேர்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பத்து நிமிடம் கழித்து போனில் அம்மாவிடம் சொன்னபோது, அந்த மூன்றாவது முறை எப்படியோ அப்படியே சொன்னாள், சிரிப்பு உட்பட. அக்கா எதையும் தயார் செய்யாமல் செய்ய மாட்டாள். அதனால் எனக்கு அது வினோதமாகப் படவில்லை.

அடுத்த மாதம், பெற்றோர் வந்திருந்த ஒரு ஞாயிறு மதியம், சேலத்திலிருந்து நாலு பேர் நாடகம் போட வந்தார்கள். ஒப்பனையில்லை, திரையில்லை. ஒரு பெஞ்சு, வயர் அறுந்த சிவப்பு டெலிபோன் ஒன்று. கதையும் சின்னதுதான். விடுதியில் ஒரு பெண். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. அம்மா போனில் கேட்டால் மட்டும் "நல்லா இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"இப்பத் திரும்ப நடிப்போம்" என்றார் குழுவின் தலைவர். "இந்தப் பொண்ணு வேற மாதிரி பேசலாமேன்னு தோணுச்சுன்னா கை தட்டுங்க. நாடகம் நின்னுரும். நீங்க வந்து அவ இடத்துல பேசுங்க."

முன்வரிசையில் வார்டன் இருந்ததால் யாரும் தட்டவில்லை. நடிகை டெலிபோனை எடுத்து அந்த வசனத்தைச் சொன்னாள். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. தொட்டிக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. நான் தட்டிவிட்டேன். ஏதாவது பரிசு கொடுப்பார்கள் என்ற நினைப்பும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேடையில் டெலிபோன் எதிர்பாராத கனமாக இருந்தது. "என்ன கண்ணு, நல்லா இருக்கியா?" என்றாள் அம்மாவாக நடித்தவள்.

"இல்லீங்கம்மா. கண்ணாடில வேற யாரோ நிக்கறாங்க. நான் சிரிச்சா அது சிரிக்க மாட்டீங்குது. நான் படிக்கற சத்தம் எனக்கே கேக்கறதில்லீங்கம்மா. என்னய வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

இதில் ஒரு சொல்லைக்கூட நான் யோசிக்கவில்லை. யார் சொல்லியும் கேட்டதுமில்லை. பத்தாம் வகுப்பு வரிசையில் அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என் உதடுகளுக்கு ஒரு நொடி முன்னால்.

"நீ இப்ப எங்க நிக்கற, சாமி?" என்று அம்மாவாக நடித்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

பெற்றோர் பக்கத்திலிருந்து "ஐயோ, எம் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்று அம்மாவின் குரல். அப்பா மேடையேறி என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தலைவர் பின்னாலேயே வந்தார். "அண்ணா, பாப்பா வேற யாரையோ பத்திச் சொல்லுதுன்னு தோணுது. கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

"அதெல்லாம் இல்லீங்க. தொட்டிகிட்ட என்னத்தையோ பாத்துப் பயந்துருக்குது" என்றார் அப்பா.

அன்றே சேந்தமங்கலம் பக்கத்து ஒரு கோயிலுக்குப் போனோம். மந்திரித்து, என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அம்மா அக்காவின் கன்னத்தைத் தடவி, "தங்கச்சியப் பாத்துக்க சாமி. நீதான் தைரியசாலி" என்றார்.

"சரிங்கம்மா" என்றாள் அக்கா.

திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் என் காதருகே குனிந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

அக்கா என் கையைப் பிடித்து, பல்லால் முடிச்சை அவிழ்த்து, அந்தக் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொண்டு சட்டைக் கையை இழுத்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது தனக்கில்லையே என்று பொறாமை போலும் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிக்கொடுக்காமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறாள். புதன்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறாள். முதல் வாக்கியம் மாறவேயில்லை, அந்தச் சிரிப்பும். நான் அதற்கு மேல் கேட்டதில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அயோத்தியாப்பட்டணத்தில் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் மனநலத்துக்காக, அவர்களும் கலந்துகொள்ளும் நாடகமாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். நாலு நாளாக அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது நல்லதுதான் என்று படித்த புத்தி சொல்கிறது.

நேற்றுச் சாயங்காலம் துண்டு கொடுக்கக் குளியலறைப் பக்கம் போனேன். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. "நல்லா இருக்கேன்மா" என்றாள் மகள். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை. கொஞ்சம் குரலை மாற்றி மறுபடி சொன்னாள். மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல் துண்டைக் கதவில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் நாடகம் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியாது. பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கதவைத் தட்டி நான் முதலில் என்ன கேட்க வேண்டும்? எனக்குக் கேட்கத் தெரிந்ததெல்லாம் "நல்லா இருக்கியா?" மட்டும்தான்.