டாக்டரம்மாவின் பந்து

எழுபதுகளில் போடியில் லேத் பட்டறை வைத்திருந்தேன். மலைமேல் எஸ்டேட் கிளப்பில், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டம் உண்டு. எஸ்டேட் டாக்டரம்மா, வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பந்தில் மூன்று விரல்துளை போடக் கொடுத்தனுப்பியிருந்தார். அவருடைய சாக்பீஸ் குறிகள், பந்தின் கம்பெனி முத்திரையை விட்டு ஒரு விரற்கடை தள்ளியிருந்தன. நான் முத்திரை நடுவில் வரும்படி துளைத்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உருட்டினார். பந்து நேராக ஓடி, இரண்டே கட்டைகளைச் சாய்த்தது.

"அண்ணே, நான் சாக்பீஸ்ல போட்ட குறியப் பாக்கலையா?"

"கோணலா இருந்துச்சு. அவசரத்துல போட்டிருப்பீகன்னு நெனச்சேன் டாக்டரம்மா."

அவர் கோபப்படவில்லை. "பந்துக்குள்ள ஒரு பக்கம் கனம் கூடுதல். துளை தள்ளியிருந்தாத்தான் அந்தக் கனம் கடைசியில பந்த வளைச்சு இழுக்கும்," என்றார்.

துளைகளை அடைத்து, அவர் குறித்த இடத்திலேயே மறுபடி துளைத்தேன்.

அடுத்த வாரம் கிளப்புக்குள் மூடுபனி புகுந்திருந்தது. டாக்டரம்மா உருட்டிய பந்து ஓரமாகவே மிதந்து போனது. ஓரத்துப் பள்ளத்தில் விழப்போகிறது என்று நினைத்தேன். கடைசி நொடியில், யாரோ கூப்பிட்டதுபோல் அது மெல்லத் திரும்பியது. பத்துக் கட்டைகளும் பனிக்குள் சரிந்தன.

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிசெய்கிறேன் என்று அதுவரை எத்தனை பேர் போட்டுத் தந்த குறிகளை அழித்திருப்பேனோ!