ஒரு முழம் குறைந்த பாய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். கத்துகிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. அவர்கள் கத்திவிட்டுச் சோறு சமைக்கப் போய்விடுவார்கள். நான் மூன்று நாள் பேசாமல் இருப்பேன். எதற்காக என்பதை எல்லாரும் மறந்த பிறகும் எனக்கு மட்டும் நினைவிருக்கும். இந்தக் குணத்தால் எனக்கு வந்ததெல்லாம் கெட்ட பெயர்தான். ஒரே ஒரு தடவை மட்டும் அது நல்லது செய்தது.

நாங்கள் தலைமன்னாரில் இருந்த காலம். பாண் ரொட்டிக்கு வரிசை, துணிக்கு வரிசை, எல்லாவற்றுக்கும் வரிசை. ஊரில் இரண்டு மூன்று வள்ளங்களுக்கு என்ஜின் வந்துவிட்டது. எங்களுடையது சின்ன வள்ளம், பாயை நம்பியே ஓடியது. என் கணவரும் அவருடைய அண்ணரும் இரண்டு பேராகப் போய்வருவார்கள். அந்த வருடம் பழைய பாய் ஒட்டுப் போட்ட இடத்திலேயே திரும்பவும் கிழிந்து, ஊசி குத்தினால் நூல் நிற்காத நிலைக்கு வந்துவிட்டது. பாய் தைக்கிறவர்கள் ஊரில் இல்லாமலில்லை. ஆனால் வாடைக் காற்று தொடங்குமுன் எல்லாருக்கும் பாய் வேண்டுமே. எங்கள் முறை வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் தைக்கிறன்" என்றேன்.

என்னிடம் கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப்பேருடைய சேலைச் சட்டையும், மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும் என் கைபட்டவைதான். கழுத்து, கை, இடுப்பு என்று வளைத்து வெட்டத் தெரிந்தவளுக்கு மூன்று பக்கத் துணி ஒரு பெரிய காரியமா என்ற எண்ணம். சரியாகச் சொன்னால், திமிர்.

ரயிலேறி மன்னாருக்குப் போனேன். அங்கே உப்புக்குளத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் கெஞ்சிக் கேட்டபோது, அவர் உள்ளே போய்க் காடாத்துணி எடுத்துவந்தார். தடிப்பான, வெளுக்காத பருத்தித் துணி. அளந்து வெட்டிக்கொண்டே, "தங்கச்சி, இது நல்லாச் சுருங்கும். நனைச்சுக் காயப் போட்டுத்தான் வெட்டணும்" என்றார்.

"எனக்குத் தெரியும் நானா" என்றேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் சொல்லியிருப்பேன். சட்டைக்கு வைக்கிற உள்துணியைக்கூட நனைக்காமல் நான் வெட்டியதில்லை. எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சல்.

தெரிந்திருந்தும் நான் நனைக்கவில்லை. எங்கள் வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டும். அவ்வளவு துணியும் நனைய எத்தனை குடம்! உவர்த் தண்ணீரில் நனைத்தால் உப்புப் படிந்து மெஷின் துருப்பிடிக்கும். எப்படியும் கடலில் நனையப்போகிற பாய்தானே, இப்போது ஏன் நனைக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இதைவிட மடத்தனமான நியாயத்தை என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்ததில்லை.

பழைய பாயை மணலில் விரித்து, அதன்மேல் புதுத்துணியைப் போட்டு வெட்டினேன். ஐந்து நாள் தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. கடலில் இரண்டு உயிர் இந்தத் தையலை நம்பி இருக்கப்போகிறது என்ற பயத்தில் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ஓட்டம் ஓட்டினேன். கட்டிப் பார்த்தபோது என் கணவர், "நல்ல வடிவாயிருக்கு" என்றார். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று நான் இரண்டாம் தரமும் கேட்டுச் சொல்ல வைத்தேன்.

அந்தப் பெருமை ஒரு கிழமை நின்றது. ஒருநாள் நல்ல மழையில் நனைந்து வந்தார்கள். மறுநாள் காயவைத்துத் திரும்பக் கட்டினால், அடியில் ஒரு முழம் காணவில்லை. கடற்கரையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். "கட்டைப் பாவாடை" என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு வள்ளத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

தையல் ஒன்றும் விடவில்லை. ஆனால் காற்றுப் பிடிக்கத் துணி போதவில்லை. மற்றவர்கள் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, எங்களுடையவர்கள் இன்னும் தூரத்தில் அசைந்து அசைந்து வருவார்கள்.

வெட்கத்தை விட்டுத் திரும்பவும் உப்புக்குளத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். நானா கொஞ்சத் துணியை வெட்டி எடுத்து வைத்தார். அடுத்த கிழமை வரச் சொன்னார். போனபோது மடித்த துணியைக் கையில் தந்து, "நனைச்சுக் காய வெச்சுத்தான் தாறேன்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

அந்தத் துண்டை அளவாக வெட்டி, ஓரம் மடித்து, சனிக்கிழமையே முடித்துவிட்டேன். பாயின் அடியில் வைத்து மூட்டுவது மட்டும்தான் பாக்கி. அரை நாள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். பாய் எப்படி என்று ஒருவர் சும்மா கேட்டார். என் கணவர், எனக்கும் கேட்கிற மாதிரி, "அது பாயில்லை. எனக்கு மனிசி தைச்ச சட்டை. ரெண்டு கை மட்டும் வைக்க மறந்துபோனா" என்றார். முற்றமே சிரித்தது. அவருடைய அண்ணர் சிரித்தார். அண்ணரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அவளும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் வாய் மூடிக்கொண்டது.

பின்னேரம் அவர் மெதுவாக வந்து, "இஞ்சேர், அந்தத் துண்டு முடிஞ்சுதே? இண்டைக்கு மூட்டித் தந்தால் விடிய முழுப்பாயோடை போகலாம்" என்றார்.

"முடியேல்லை" என்றேன்.

துண்டு மெஷின் மூடிக்குக் கீழே மடித்தபடி இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும், இன்னும் நாலு நாள் கடைசியாக வரட்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிய அவர்கள் போனார்கள். மத்தியானம் வரை கடல் குளம் போலக் கிடந்தது. பிறகு வடக்கே கறுத்தது. வாடை தொடங்க இன்னும் நாளிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். அது யாரையும் கேட்காமல் முந்திவிட்டது. ஓலைகள் பறந்தன. பெண்களெல்லாம் கரைக்கு ஓடினோம்.

என்ஜின் வள்ளங்கள் முதலில் வந்தன. பிறகு பாய் வள்ளங்கள் இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. அக்கா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி நின்றாள். "அந்தத் துண்டு மட்டும் போட்டிருந்தால் இந்த நேரம் வந்திருப்பினம்" என்றாள். உடனே, நான் நோகக்கூடாதென்று, "நீ என்ன செய்யிறது, முடியேல்லைதானே" என்று என் முதுகைத் தடவினாள்.

அந்தக் கை என் முதுகில் நெருப்பாக இருந்தது. அவளுடைய புருஷனையும் என்னுடையவரையும் கோயில் முற்றத்தில் விட்ட ஒரு பகிடிக்காக நானே கடலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறப்பேன், காற்று வாயை நிறைக்கும். மாதாவே, அவர் இனிமேல் என்ன பகிடி விட்டாலும் நான் சிரிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

வள்ளம் ஒன்று தெரிந்தது. பாய்மரம் முறிந்து, தண்டு வலித்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாருக்கும் உயிரிருந்தது. அடுத்ததில் பாய் நடுவே கிழிந்து கொடி போல அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், நேராக, பதறாமல், யாரோ மெதுவாகத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சின்னப் பாய் வந்தது. அடியில் ஒரு முழம் இல்லை.

"கட்டைப் பாவாடை!" என்று அக்கா கத்தினாள். நான் மணலில் குந்திவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

அண்ணர் இறங்கியதும் முதலில் என்னிடம்தான் வந்தார். உப்புத் தண்ணீர் வழிந்தது. "பிள்ளை, முழுப்பாய் எண்டால் இண்டைக்கு எங்களைக் கவிட்டுப்போட்டிருக்கும். இந்தக் கட்டைத் துணி காத்தை அளவாய்த்தான் வாங்கினது" என்றார். என் கணவர் பாயை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் போனதும் மெஷின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்ப முடிஞ்சது?"

"சனிக்கிழமை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"கோவத்திலை."

அவர் துண்டைக் கையில் எடுத்தார். "பகிடி விட்டது பிழைதான்" என்றார். பிறகு, "ஆனால் விடாட்டில் செத்திருப்பன்" என்றார். நேர்ந்தபடி சிரித்தேன், நேர்ந்திருக்காவிட்டாலும் சிரிப்பு வந்திருக்கும். அக்காவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவள் என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அந்தத் துண்டை நான் மூட்டவில்லை. பொத்தான் துளைக்குத் தைக்கிற மாதிரி, பாயின் அடியிலும் துண்டின் மேல் ஓரத்திலும் வரிசையாக ஓட்டை வெட்டி, நூலால் சுற்றி முடிந்தேன். உள்பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி ஒரு மெல்லிய கயிற்றைக் கோத்தேன். காற்றில்லாத நாளில் கட்டலாம். காற்று ஏறினால் ஒரு இழுவையில் கழற்றிவிடலாம். கட்டைப் பாவாடை என்று சிரித்தவர்களில் இரண்டு பேர், மாதம் முடியுமுன் தங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்கள். கொஞ்சம் காக்கவைத்துத்தான் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடமும் ஒருநாள் அப்படித்தான் காற்று திடீரென்று எழும்பியது. எதற்கோ நான் அவரோடு பேசாமல் இருந்த மூன்றாவது நாள் அது. கரைக்கு ஓடினேன். வெகுதூரத்தில் எங்கள் பாய் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு அடியைப் பார்த்தேன். ஒரு முழம் இல்லை.

"அக்கா, கழட்டிப்போட்டினம்!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினேன். கத்திவிட்டுச் சோறு சமைக்கப் போனேன்.