அருந்ததி அக்காவின் சிவப்பு கிட்டார்

பினாங்கில் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கும் எங்கள் இசைக்குழுவில் லீட் கிட்டார் அருந்ததி அக்காதான். வயது ஐம்பத்தாறு. வீடு டத்தோ கிராமாட்டில். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை. வாயில் பொருத்தும் உலோகத் தகடுகளை அராவி மெருகேற்றுவார். சனி ஞாயிறு வந்தால் மேடை. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசிப்பவள்.

அவருடைய கிட்டார் எழுபதுகளில் ஜப்பானில் செய்தது, நல்ல சிவப்பு. இசையை விட்டுவிட்டுக் கோழிச்சோற்றுக் கடை போடப் போன ஒரு சீனரிடம் இளம்வயதில் வாங்கினாராம். அதற்குப் பிறகு மேடையில் வேறு எதையும் அவர் தொட்டதில்லை. அத்தனை காலம் அழுத்தி வாசித்ததில் அதன் பிரெட்டுகள் தேய்ந்துவிட்டன. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் பிரெட்டுகள். தந்தியை அவற்றின்மேல் அழுத்தினால்தான் சுரம் பிறக்கும். அக்காவின் கிட்டாரில் அவை குழிவிழுந்து, சில இடங்களில் மரத்தோடு மரமாகப் படுத்துக்கிடந்தன. எதை வாசித்தாலும் கூடவே ஓர் இரைச்சல். உச்சத்தில் தந்தியை வளைத்து இழுத்தால் ஒலி பாதியில் செத்துவிடும்.

ஒரு கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் அப்படி நின்றுபோனது. அதோடு குழுத் தலைவர் குகன் அண்ணன் தனி வாசிப்புகளையெல்லாம் எனக்கு மாற்றினார். "புதுசா ஒண்ணு வாங்கிடுங்கக்கா. அத சுவத்துல மாட்டி வைங்கலா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா கடைகளுக்குப் போய் நாலைந்தை வாசித்தும் பார்த்தார். ஒன்றும் கைக்கு ஒட்டவில்லை.

புக்கிட் மெர்தாஜாமில் ஹைக்கல் என்ற மலாய்க்காரர் கிட்டார் பழுதுபார்க்கிறார் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை இருவரும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். ஹைக்கல் கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெட்டுகளைப் பிடுங்கிப் புதிது பதிக்கலாம், ஆனால் மரம் காய்ந்துபோயிருக்கிறது, பிடுங்கும்போது சிலும்பிக்கொண்டு வந்துவிடும், அந்தப் பழி தனக்கு வேண்டாம் என்றார்.

அக்கா மலாயில் பதில் சொன்னார். "உடைஞ்சா என் கிட்டார்தானே உடையும். நானும் கூட உட்காருறேன்."

உட்கார்ந்தார். ஹைக்கல் பற்றவைப்புக் கோலால் ஒவ்வொரு பிரெட்டையும் சூடாக்கி மெல்ல நெம்ப, அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மரம் சிலும்பத்தான் செய்தது. உதிர்ந்த ஒவ்வொரு துணுக்கையும் அக்கா லேப்பிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து ஒட்டினார். புதுக் கம்பிகளை ஹைக்கல் சுத்தியலால் தட்டிப் பதித்தார். அடுத்தடுத்த வாரங்களில் அவர் அராவ, அக்கா மெருகேற்றினார்.

தந்தி பூட்டி வாசித்தபோது கீழ்ச் சுரங்கள் எல்லாம் மணிமணியாக ஒலித்தன. மேலே, பழைய இடத்திலேயே ஒலி செத்தது. ஹைக்கலின் முகம் விழுந்துவிட்டது. ஏதோ ஒரு பிரெட் மேடாக நின்று தந்தியில் தட்டுகிறது என்று, மட்டம் பார்க்கும் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தார்; எங்கே மேடு என்று தெரியவில்லை.

அக்கா கைப்பையிலிருந்து மெல்லிய நீலத் தாள் ஒன்றை எடுத்தார். பல் செட் மாட்டியவர்கள் அதைக் கடித்தால், எந்தப் பல் உயரமாக நிற்கிறதோ அதில் நீலம் ஒட்டும். தாளைப் பிரெட்டுகளின்மேல் பரப்பி, ஹைக்கலின் சட்டத்தை அதன்மேல் வைத்து லேசாகத் தேய்க்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு பிரெட்டின் ஓரத்தில் மட்டும் நீலக் கோடு. அது மரத்திலிருந்து மயிரிழை எழும்பி நின்றிருந்தது. ஹைக்கல் வாய்விட்டுச் சிரித்தார். அதைத் தட்டி இறக்கிப் பசை வைத்தார். அக்கா மறுபடி தந்தியை வளைத்தார். ஒலி சாகவில்லை, நீண்டது, கடைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்க்கும்வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு ஜார்ஜ் டவுனில் ஒரு கல்யாண மதிய விருந்து. ஹைக்கலையும் அழைத்திருந்தோம். இரண்டாவது பாட்டின் நடுவில் தனி வாசிப்பு வந்ததும் பழக்கதோஷத்தில் குகன் அண்ணன் என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன். அந்த வெற்றிடத்தில் அக்கா முன்னால் நடந்து வந்தார்.

எத்தனையோ தடவை நான் வாசித்த அதே இடம்தான். ஆனால் அது அன்றைக்குத்தான் பேசியது. கீழிருந்து படிப்படியாக ஏறி, உச்சியில் தந்தியை வளைத்துப் பிடித்து, இறக்காமலே வைத்திருந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் எழுந்து விசில் அடித்தார்கள். அக்கா கண்ணை மூடவில்லை. கூட்டத்தை நேராகப் பார்த்துச் சிரித்தபடியே வாசித்தார். குகன் அண்ணன் பாட வேண்டிய வரியைப் பாடாமல், இன்னொரு சுற்று என்று விரலைச் சுழற்றினார். பிறகு இன்னொன்று.

இறங்கியதும் ஹைக்கல் ஓடிவந்தார். போனில் வீடியோ எடுக்கத்தான் முன்னால் நின்றாராம். கைதட்டியதில் பொத்தானை அமுக்கவே மறந்துவிட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்ல" என்றார் அக்கா, தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "அடுத்த வாரம் தைப்பிங்ல கல்யாணம். அங்க வந்து எடு."