மூன்றாவது வளைவில் உடைத்த பூசணிக்காய்

பாரிவாக்கம் பக்கம் நானும் என் தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு கோ-கார்ட் பந்தயத் தடம் நடத்துகிறோம். தரையை ஒட்டி ஓடும் குட்டி வண்டிகள். டயர் வழவழவென்று இருக்கும். தார் காய்ந்திருந்தால் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும்; ஈரம் பட்டால் போச்சு.

ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. மாதா கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனாலும் வானகரத்தில் தட்டிப் பார்த்துக் காய் வாங்கி வந்ததே நான். கேட்டுக்கு வெளியே உடை என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வண்டி ஓட்ட வந்திருந்த வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கொடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால், மூன்றாவது வளைவின் நடுவில் காய் சிதறிக் கிடக்கிறது. முழு வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கிற இடம் அது.

“இன்னா மாப்ள இது?”

“இங்கதான மச்சான் வண்டிங்க இடிச்சிகினே கீது. கண்ணு பட்ட எடத்துலதான் ஒடைக்கணும்.”

ஈரத் துணியால் வேறு துடைத்துவைத்திருந்தார். சதையும் குங்குமமும் மெழுகு போட்டதுபோல் தார் முழுக்கப் பரவியிருந்தன. பிள்ளைகளை ஓட்டச் சொல்லலாமாம், வெயிலில் காய்ந்துவிடுமாம். மிச்சத்தை ‘பாத்துக்கலாம்’ என்றார். எங்கள் பக்கத்து மனிதர்கள் வாயில் நான் ரசித்துக் கேட்கிற வார்த்தை அது. கல்யாணம், கடை திறப்பு எல்லாம் அதை நம்பித்தான் நடக்கும். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்குக் காது கொதித்தது. ஒரு பிள்ளைக்குக் கழுத்து முறிந்தால், திருஷ்டி கழித்தோம் என்று பெற்றவளிடம் போய்ச் சொல்வதா?

ஒரு வண்டியைக் கிளப்பி, ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தேன்.

“மொதல்ல நீ ஓட்டு மாப்ள.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வளைவைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“ஊட்ல கொழந்த கீது மச்சான்.”

“அவங்க ஊட்லயும் கீது. இதோ, வரிசைல நிக்குது பாரு.”

வண்டியை அணைத்தேன். இன்று ஓட்டம் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். “பூசணிக்காய்க்கு பயந்த ஓனரு” என்று ஒரு பெண் முணுமுணுத்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள். சொல்லிவிட்டுப் போகட்டும், நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தால் சரி.

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோப்புத்தூளும் பிரஷ்ஷுமாக வளைவில் உட்கார்ந்தார். நான் கை கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போதுமா என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். வழுக்கியது.

“இன்னும் தேய்” என்றேன்.