சீசனில் வந்த காய்ச்சல்

ஊருக்கெல்லாம் மே மாதம் விடுமுறை. கொடைக்கானலில் அது சீசன். பள்ளிக்கூடம் மூடும்போதுதான் லாட்ஜ் நிரம்புகிறது. பிள்ளை வீட்டில் இருக்கும்போதுதான் தாய் வீட்டில் இருக்க முடியாது. யார் செய்த ஏற்பாடு என்று கேட்டால் எல்லோரும் மூடுபனியைப் பார்க்கிறார்கள்.

நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். கணவர் டாக்சி ஓட்டுகிறார்; சீசனில் அவரும் மலைப்பாதையில்தான். "புள்ளைய யாரு பாத்துக்கிறா?" என்று அவரை ஒரு பயணிகூடக் கேட்டதில்லை. என்னைக் கேட்காதவர் இல்லை. பூண்டியிலிருந்து கேரட் கொண்டுவருபவர்கூட மூட்டையை இறக்குமுன் அதைத்தான் கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். எட்டு வயது. வீட்டில் ஆளில்லை, லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. கம்பளி அடுக்கும் அறையில், ஈரம் காயாத வாசனைக்குள் படுக்க வைத்தேன். ஒளித்து வைத்தேன் என்பதே சரி. திருட்டுப் பொருளைப் போல.

வரவேற்பறையில் கணக்கரின் மகன் சம்மணம் போட்டு செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். சீசன் முழுக்க அவன் அங்கேதான். "புள்ளையக் கூடவே வச்சிருக்காரு பாருங்க, என்னா பாசம்!" என்று முதலாளியே மெச்சியிருக்கிறார்.

அதே முதலாளி கம்பளி அறையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது லாட்ஜா, பால்வாடியா? புள்ள இங்க கெடக்கு, சோலிய யாரு பாக்குறது? பொம்பளைக்கு மேனேஜர் வேல சரிப்படாதுன்னு அப்பவே சொன்னாங்க."

சாவிக்கொத்தை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க. சரிப்படுற ஆளுகிட்டக் குடுங்க. வெரசா பாருங்க, மத்தியானம் இவங்க காலி பண்ணதும் ரெண்டு பஸ் ஆளுக வர்றாங்க."

அந்தக் கொத்து போனால் எங்கள் வீட்டுச் சோற்றில் பாதி போகும். தெரிந்துதான் நீட்டினேன். நீட்டிய கையை இறக்கவில்லை.

அவர் கை நீளவில்லை. "சரி சரி, கோவப்படாதீங்க. மாடியில வெந்நி வரலன்னு கத்துறாங்க, என்னான்னு பாருங்க."

மகளைக் கம்பளியோடு தூக்கிப் போய், வரவேற்பறையில் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். நெற்றி கொதித்தது. அப்படியே விட்டுவிட்டு பாய்லர் பக்கம் ஓடினேன். வேலையாளை விறகு தள்ளவைத்தேன். வெந்நீர் வந்தது. வந்தவர்கள் குளித்தார்கள். அப்புறம்தான் என் பிள்ளைக்கு மருந்து ஊற்றினேன்.

ஜெயிச்சிட்டே என்கிறார்கள் தோழிகள். வெந்நீர் முதலில், மருந்து பிறகு. இதற்குப் பெயரா ஜெயிப்பது?