லாரி மேல் காய்ந்த சுண்டைக்காய்

இன்றைக்கும் பக்கத்தில் லாரி உறுமினால் நான் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். எல்லாம் ஒரு கூடை சுண்டைக்காயால் வந்த வினை.

காலடிப்பேட்டையில் ரயில் பாதைச் சுவரை ஒட்டிச் சுண்டைக்காய்ச் செடிகள் தானாக முளைத்துக் கிடக்கும். சித்திரை பிறந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. முள் கிழித்தாலும் விடாமல் பறித்து, தட்டி, உப்பு மோரில் ஊறப்போட்டுவிடுவேன். காயவைக்க இடம் கிடைப்பதுதான் பேஜாரு. மொட்டை மாடிக் கதவை வீட்டுக்கார அம்மா பூட்டியே வைத்திருப்பார்.

எங்கள் தெரு முனையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். கன்டெய்னர் ஏற்றாத காலி வண்டி ஒன்றின் இரும்புத் தளம் தோசைக்கல்லாகக் கொதித்தது. நாலு நாள் காய வேண்டியது அதில் இரண்டே நாளில் காயும். டிரைவரைக் கேட்டேன். நல்ல மனுஷன், போட்டுக்கொள்ளச் சொன்னார். வண்டி எடுக்கும் முன் ஹாரன் அடிப்பதாகவும் சொன்னார். அந்த ரோட்டில் ஹாரன் அடிக்காத வண்டி ஏது என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மதியம் டயரில் கால் வைத்து மேலே ஏறி, காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வயது மகளை வண்டிக்கு அடியில், நிழலில் உட்காரவைத்திருந்தேன். கிளீனர்கள் சமைப்பதும் தூங்குவதும் அங்கேதான். எனக்கு அது தப்பாகவே படவில்லை. ரோட்டுக்கு ஓடிவிடுவாளோ என்று, நான் வந்து கூப்பிடும்வரை நகரக் கூடாது என மிரட்டியும் இருந்தேன்.

எங்கோ ஹாரன் அடித்தது. நான் நிமிரக்கூட இல்லை. காலுக்குக் கீழே தளம் அதிர்ந்தபோதுதான் உயிரே போனது.

கையால் தளத்தை அறைந்தேன், கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியே ஓடி வருகிறாளா என்று விளிம்பில் எட்டிப் பார்த்தேன். வரவில்லை. ஒருநாளும் என் பேச்சைக் கேட்காதவள் இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள், கடவுளே. வண்டி நகர்ந்தது. குதித்தேன். முழங்காலில் தோல் பெயர்ந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

முன்னால் இருந்த லாரி நின்றதால் இதுவும் நின்றது. பின்சக்கரத்துக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவள் பாட்டுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் கொண்டுவந்து போட்டேன். வரிசை மறுபடி நகர்ந்தது. என் சுண்டைக்காயோடு வண்டி போய்விட்டது. போய்த் தொலையட்டும்.

அவளைப் பிடித்து உலுக்கினேன். "வண்டி கெளம்புச்சே, இன்னாத்துக்குடி வெளிய வரல? பயமா இல்லியா உனுக்கு?"

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு பயம்? நீதான் மேல இருந்தியே. உன்ன கேக்காம வண்டி எப்டிமா போவும்?"